காலி கேட்ச் ப்ளாக்

ப்ரோக்ராம் நடுவில் செத்துப்போனால் அசிங்கம். அதனால் மொத்தத்தையும் ஒரு ட்ரை-கேட்சுக்குள் போட்டு, கேட்ச் ப்ளாக்கைக் காலியாக விட்டுவிடுவது! ஜாவா லேபில் பலரும் செய்யும் வேலை இதுதான். கேட்டால் 'எரர் ஹேண்ட்லிங்' என்கிறார்கள். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவதும் பெருக்குவதுதான் போலிருக்கிறது :-)

சரி, மறைக்காமல் உடனே நிறுத்திவிட்டால் போதுமா? அதுவும் போதாது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், முதல் பயணத்திலேயே, கிளம்பிய சுமார் 40 நொடியில் சிதறியது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம், எண் கொள்ளவில்லை. எக்ஸப்ஷன் வந்தது, பிடிக்க ஆளில்லை. திசை காட்டும் கணினி தன்னையே நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினி? அதிலும் அதே நிரல். அது முன்னதாகவே படுத்துவிட்டிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ஏரியான் 4-லிருந்து அப்படியே வந்தது. ஏரியான் 5 கிளம்பிய பிறகு அது தேவையே இல்லை!

யாரோ மறந்துவிட்டார்கள் என்று இந்தக் கதையைச் சொல்வது தப்பு. ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு இருந்தது. மற்ற மூன்றை, கணினிச் சுமை கூடும், எண் அவ்வளவு பெரிதாக வராது என்று யோசித்தே விட்டார்கள். 'வராது' என்பதுதான் காலி கேட்ச் ப்ளாக்குக்கும் சொல்லப்படும் சமாதானம். ஏன் வராது என்று ஒரு வரி கமெண்ட், வந்துவிட்டால் எந்த ஃபைல், என்ன மதிப்பு என்று லாகில் ஒரு வரி. இதற்கு நேரமில்லாதவர்களுக்கு, டெமோவுக்கு முந்தின இரவு முழுக்க விழித்துத் தேட மட்டும் எங்கிருந்து நேரம் வருகிறதாம்?