இனிப்பு நீர்: வாட்ஸ்அப்பில் வைத்தியம் போதும், விசாரிப்பு வேண்டும்

காலையில் கைப்பேசியைத் திறந்தால் வெண்டைக்காய் ஊறிய நீர், பாகற்காய்ச் சாறு, 'மாத்திரையே தேவையில்லை' என்று சத்தியம் செய்யும் காணொளி. நம் குடும்பக் குழுக்களில் இனிப்பு நீருக்கு இல்லாத வைத்தியம் இல்லை. ஆனால், "இன்று வெறும் வயிற்றில் எவ்வளவு காட்டியது?" என்று கேட்பவர் யார்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023இல் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது உண்மைதான். ஆனாலும் டயாலிசிஸ் படுக்கைக்குப் போகும் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை அங்கே அனுப்புவது இந்த நோய்தான்.

அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்கள். கல்யாண விருந்து, இரவு ஷிஃப்ட், தீபாவளிப் பலகாரம், தீர்ந்துபோன மாத்திரை எல்லாம் வருவது இடைப்பட்ட நாள்களில். அந்த நாள்களில் நோயாளி தனியாள்.

நியூசிலாந்தில் இதைச் சோதித்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத 366 பேரில் ஒரு பிரிவினருக்கு ஒன்பது மாதம் வரை சாதாரணக் குறுஞ்செய்திகள் போயின. அவரவர் தேவைக்கும் பண்பாட்டுக்கும் ஏற்றபடி எழுதப்பட்டவை அவை. முடிவு 2018இல் வெளியானது: செய்தி பெறாதவர்களைவிட இவர்களுக்கு எச்பிஏ1சி அளவு கூடுதலாக இறங்கியிருந்தது. அற்புதமெல்லாம் இல்லை, மிதமான இறக்கம்தான். ஆனால் அதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

நம் தோட்டத்துப் பாட்டிக்கு மலாயில் வரும் நினைவூட்டல் பேரன் வேலையிலிருந்து திரும்பும்வரை திறக்கப்படாமலே கிடக்கும். தமிழில் ஒரு நிமிடக் குரல் பதிவு என்றால் அவரே கேட்டுக்கொள்வார். "மாத்திரை போட்டாச்சா? கால் பாதத்தைப் பார்த்தீங்களா?" இவ்வளவு போதும். ஊரில் ஓய்வுபெற்ற தாதியோ மருந்தாளரோ இருந்தால் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் டாக்டரின் வேலை. குழுவில் விற்பனைக்கு வரும் மருந்துப் பொட்டலத்தில் 'எம்ஏஎல்' பதிவு எண் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். எண் இருந்தாலும் அது அசல்தானா என்று சரிபாருங்கள்.

ஒரு விஷயத்துக்குக் குழு உதவாது. அளவு 4க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும்.

குத்திப் பார்க்கும் கீற்றுகள் பலருக்குச் சொந்தச் செலவு. அதனால் தினமும் எண் கேட்டு நச்சரிக்காமல், எந்தெந்த நாளில் பார்ப்பது என்று கிளினிக்கில் கேட்டுவந்து, அந்த நாள்களில் மட்டும் குழுவில் விசாரிக்கலாம்.