விருந்து நாளில் வீட்டு நாய்

விளாத்திகுளம் வட்டாரத்தில் வீடு நிறைய ஆள் சேரும் நாள்கள் தீபாவளி, பொங்கல், ஊர்க்கோயில் கொடை, குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டிச் செய்யும் காதுகுத்து ஆகியவை. சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். வீட்டு நாய்க்கு அன்றைக்கு எல்லாமே மாறிவிடும். வாசலில் தெரியாத ஆள்கள், தெருவில் வேட்டும் மைக்செட்டும், சோறு வைக்கவோ வெளியே கூட்டிப்போகவோ ஆள் இல்லாத நிலை. குரைப்பு, உறுமல், ஓட்டம், கடி எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. விலகிப்போக ஓர் இடமும் அங்கே போக வழியும் கிடைத்தால் பெரும்பாலான நாய்கள் தாமாகவே அடங்கிவிடும்.

இந்தக் கரிசல் காட்டின் சொந்த நாய்கள் கன்னியும் சிப்பிப்பாறையும். ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கொண்ட இவை கண்ணால் பார்த்து இரையைத் துரத்துபவை. காட்டு முயல் போன்றவற்றைப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. அந்த வேட்டை இன்று சட்டப்படி குற்றம். வேற்று ஆளிடம் சட்டென ஒட்டாத கூச்ச சுபாவம் இவற்றுக்கு உண்டு. மிரண்டால் முதலில் ஓடத்தான் பார்க்கும். ஓடத் தொடங்கினால் மனிதக் கால் எட்டாது. தலை ஒடுங்கி, கழுத்தும் ஏறக்குறைய அதே பருமனில் இருப்பதால் சாதாரண பெல்ட் பின்னுக்கு இழுத்ததும் கழன்றுவிடும். விழா நாளில் இவற்றை வெளியே கொண்டுபோக, மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை வேண்டும். பெல்ட்டில் வீட்டாரின் செல்போன் எண் எழுதியிருப்பது நல்லது.

ஆள் வரும் நாளில் நாயை வாசல் தூணில் சங்கிலியால் கட்டுவது வழக்கம். வருகிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஓட வழியில்லாத நாய்க்கு மிஞ்சுவது பல் மட்டுமே. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகச் சொல்கிறது. அதற்குப் பதில் வீட்டின் பின்பக்கத்து அறை, ஆள் நடமாட்டமில்லாத தொழுவம், கட்டிலுக்கு அடியில் ஓர் இடம், இவற்றில் ஒன்று போதும். அங்கே அது வழக்கமாகப் படுக்கும் சாக்கையே விரிக்க வேண்டும். துவைத்துப் போட்டால் அதன் வாடை போய்விடும். ஒரு சட்டி தண்ணீரும் கடிக்க ஏதாவதும் இருக்கட்டும். விருந்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சோற்றை அந்த இடத்தில் வைத்துப் பழக்கினால், அன்றைக்கு நாய் தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

பயம் உடம்பில் முன்கூட்டியே தெரியும். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, காதைப் பின்னுக்கு மடக்குவது, வாலைக் கால் இடுக்கில் செருகுவது எல்லாம் அடையாளங்கள். கன்னி போன்ற மெலிந்த நாயில் விலா எலும்பின் மேல் தோல் நடுங்குவதைக் கண்ணாலேயே காணலாம். அடுத்த படி உறுமல். உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமலை விட்டுவிடும். பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும்.

கடிபடுவோரில் குழந்தைகள் கணிசமானோர். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக்கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, முகத்தருகே முகம் கொண்டுபோகக் கூடாது. இதை வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இறங்கியவுடனே சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் நாயைப் பெயர் சொல்லி வற்புறுத்தி அழைக்காமல், அது வந்து மோந்து பார்க்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 வரை எட்டும். 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிக்கு இந்தியாவில் தடை உண்டு. அந்த வரம்புக்குள் வரும் வெடியே நாயை நடுங்கவைக்கப் போதுமானது. உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி 2018 முதல் தமிழகத்தில் தீபாவளி வெடிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. விடியுமுன்னும் பொழுது சாயுமுன்னும் நாயை நடத்திக் கூட்டிவந்து, சோறு வைத்து, கதவையும் சன்னலையும் சாத்திவிடலாம். ஓடும் மின்விசிறியும் டிவியும் வெளியே கேட்கும் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது தவறான எண்ணம். அது தேடி வந்தால் அருகில் உட்காரலாம். சில வாரம் முன்பே வெடிச் சத்தப் பதிவைச் செல்போனில் மெல்ல ஒலிக்கவிட்டு, கூடவே தின்பண்டம் கொடுத்து, நாய் கலங்காத அளவில் நாளுக்கு நாள் ஒலியைக் கூட்டுவது நிலையான வழி.

விருந்துச் சாப்பாடு இன்னோர் ஆபத்து. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்தின் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சு. வெந்த எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். கொழுப்பான கறிக்குழம்பு கணையத்தை வீங்கவைக்கும். எச்சில் இலையைக் கொல்லையில் வீசினால் தெருநாய்கள் கூடிச் சண்டை மூளும். குழி தோண்டிப் புதைப்பதோ மூடிய தொட்டியில் போடுவதோ நல்லது. வெடித்த காகிதத்தையும் வெடிக்காத மருந்தையும் நாய் வாய் வைக்காதபடி உடனே கூட்டி அள்ள வேண்டும்.

மிகவும் மிரளும் நாய்க்குக் கால்நடை மருத்துவர் மருந்து தருவார்; அதை முன்னதாகவே கேட்டு, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மனிதருக்கான தூக்க மாத்திரையை அளவு தெரியாமல் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.

விருந்தாளிகள் கிளம்பியபின் ஓரிரு நாள் நாய் அதிகம் தூங்கும். பழைய நேரத்துக்குச் சோறும் நடையும் திரும்பினால் தானே தேறிவிடும். மூன்றாம் நாளும் சோறு தொடவில்லை, மூலையை விட்டு எழவில்லை என்றால் அது பயத்தைத் தாண்டிய நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.