பெத்தேலுக்கு வடக்கே 12 கடல் மைல்

மேற்கு அலாஸ்காவில் பெத்தேல் என்றொரு சிற்றூர். ஆங்கரேஜிலிருந்து ஆசியாவுக்குப் போகும் விமானங்கள் கடலைத் தொடுமுன் கடக்கும் கடைசி வழிகாட்டி நிலையங்களில் ஒன்று அங்கே இருந்தது. 1983 ஆகஸ்ட் 31 அன்று சியோலுக்குக் கிளம்பிய கொரியன் ஏர் லைன்ஸ் 007, அந்த நிலையத்தின் தலைக்கு மேலாகப் போயிருக்க வேண்டும். புறப்பட்டு 50 நிமிடம் ஆனபோது அது 12 கடல் மைலுக்கும் அதிகமாக வடக்கே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு நடந்ததை நாம் அனைவரும் அறிவோம்: சோவியத் வான்வெளியில் கம்சாட்கா, சகலின், போர் விமானத்தின் ஏவுகணை, 269 உயிர்கள்.

பயணிகள் விமானத்தைச் சுட்டது குற்றம். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பறக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கக் கூடாது என்று சிகாகோ உடன்படிக்கையில் 1984-ல் தனிப் பிரிவே சேர்த்தார்கள். ஆனால் காக்பிட்டில் உட்காருகிறவர்களுக்கும் ரேடார் திரைக்கு முன் உட்காருகிறவர்களுக்கும் உரிய கேள்வி, சுடுவதற்கு ஐந்து மணி நேரத்துக்கும் முன்னால், ஆங்கரேஜின் வானில் கிடக்கிறது.

மேலெழுந்ததும் அவர்களுக்குக் கிடைத்தது 220 டிகிரி திசை. சுமார் ஒன்றரை நிமிடத்தில் அடுத்த அனுமதி: இயலும்போது நேராகப் பெத்தேல் போகலாம். ஆங்கரேஜின் விஓஆர் வழிகாட்டி நிலையம் அப்போது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமாக இருக்கும் முள் அன்று இல்லை. விமானம் கொஞ்சம் திரும்பி சுமார் 245 டிகிரி காந்தத் திசையைப் பிடித்தது. கடைசிவரை அதே திசை. அந்த 747-ன் ஆட்டோபைலட்டில் ஒரு திருகு உண்டு; பிடித்த திசையிலேயே போகும் ஹெட்டிங் ஒரு நிலை, பதிந்துவைத்த பாதையில் போகும் ஐஎன்எஸ் இன்னொரு நிலை. ஒன்று, அதை ஹெட்டிங்கிலேயே விட்டிருக்கிறார்கள். அல்லது ஐஎன்எஸ்ஸுக்குத் திருப்பும்போது விமானம் பாதையிலிருந்து 7.5 கடல் மைலுக்கு மேல் விலகியிருந்ததால் கருவி பாதையைப் பிடிக்கவே இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993-ல், கறுப்புப் பெட்டிகள் கைக்கு வந்த பின், எழுதிய அறிக்கை இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறது. இரண்டாவதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. திருகைச் சரியாகத் திருப்பிய விமானியும் வழி தவறலாம் என்றல்லவா அதற்குப் பொருள்?

பழைய கருவி, பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சில மாதங்களுக்கு முன் ஒரு சிமுலேட்டர் பயிற்சியில் 777 விமானிகள் இருவரைப் பின்னிருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்பட்டு, வெக்டரில், அதாவது கட்டுப்பாட்டாளர் தந்த திசையில் போகும்போது, நேராக ஒரு புள்ளிக்குப் போகச் சொன்னேன். துணை விமானி புள்ளியைத் தட்டினார், பாதையைப் பிடிக்கும் எல்நாவ் பொத்தானை அழுத்தினார். அதே நொடியில் அலைவரிசை மாற்றம் வந்தது. ஃப்ளாப் உள்ளே போக வேண்டும். கேபினிலிருந்து அழைப்பு. எக்ஸிக்யூட் விசையை அழுத்த யாருக்கும் கை வரவில்லை. திரையில் எல்நாவ் வெள்ளை எழுத்தில் நின்றது, பச்சையாகவில்லை; அதாவது காத்திருந்தது, இயங்கவில்லை. காப்டன் கவனிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. 250 நாட் வேகத்தில் அது 16 கடல் மைலுக்கு மேல். இருவரும் திறமைசாலிகள், அனுபவசாலிகள். அழுத்திய விரலை நம்பினார்கள், எழுத்தின் நிறத்தைப் படிக்கவில்லை. ஏர்பஸ்ஸில் அந்த எழுத்து நீலமாக நிற்கும்; அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதையில் இருக்கிறோம் என்று ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், அப்புறம் வரும் எந்தத் தடயமும் அதைக் கலைப்பதில்லை. 007 விமானிகளுக்குத் தடயங்கள் வரிசையாக வந்தன. விஎச்எஃப்-ல் ஆங்கரேஜை எட்ட முடியவில்லை. சற்றுப் பின்னால் அதே பாதையில் வந்த தங்கள் நிறுவனத்தின் 015 மூலம் இட அறிக்கையைச் சொல்லி அனுப்பினார்கள். முடிவுக்குச் சற்று முன் இரு விமானங்களும் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டன. 015-க்குப் பலமான பின்காற்று, 007-க்கு எதிர்க்காற்று. ஒரே பாதையில் முன்னும் பின்னுமாகப் போகிற இரண்டு விமானங்களுக்கு எப்படி இது சாத்தியம்? வியந்தார்கள். அப்படியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். இறந்துபோன அந்தச் சகாக்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரவு முழுக்கக் கடல் மேல் பறந்த எவரும் அந்தப் பதிலைத் தன் குரலிலேயே கேட்க முடியும்.

தரையில் இருந்தவர்களையும் விட்டுவிட முடியாது. புறப்பட்டு 28 நிமிடத்தில் கீனாய் சிவில் ரேடாரில் அது 5.6 கடல் மைல் வடக்கே தெரிந்தது. பெத்தேல் அருகே அது போனபோது கிங் சால்மன் ராணுவ ரேடாரிலும் தடம் விழுந்தது. ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. நேராகப் போக அனுமதி கொடுத்த கட்டுப்பாட்டாளர், விமானம் உண்மையில் அந்தப் பக்கம் திரும்பியதா என்று பார்ப்பதை அந்த அனுமதியின் பாகமாகவே கொள்ள வேண்டும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் ஜிபிஎஸ்-ஐப் பொதுப் பயன்பாட்டுக்குத் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. இன்று மேற்கு ஆசிய வானில் அந்த ஜிபிஎஸ் சமிக்ஞையையே போலியாக அனுப்புகிறார்கள். திரையில் வரும் பாதைக்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும், முள்ளையும் திசையையும் தூரத்தையும் தனியே பார்க்கும் பழக்கம் மறுபடி தேவைப்படுகிறது.

பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். வெக்டரிலிருந்து சொந்த வழிநடத்தலுக்கு மாறும் அந்த நொடிக்கு, புறப்படும் ஓட்டத்தில் சொல்லும் வி1 போல ஒரு கட்டாயக் குரல் வையுங்கள். பறக்கும் விமானி மோடின் பெயரையும் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லட்டும். மற்றவர் “சரி” என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். அடுத்த புள்ளியின் திசையையும் தூரத்தையும் திட்டத் தாளிலிருந்து படிக்கட்டும். அடுத்த அரையாண்டுப் பயிற்சியில் அந்த நொடியில் வேண்டுமென்றே அலைவரிசையை மாற்றுங்கள், கேபின் மணியை அடியுங்கள். எத்தனை குழுக்கள் அப்போதும் நிறத்தைப் படிக்கின்றன என்று எண்ணி, பெயர்களை நீக்கிவிட்டு, எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.