அயர்லாந்தின் லிமெரிக் நகரம்: சம்பளத்தைக் கணக்கிடும் முன் வாடகையைக் கணக்கிடுங்கள்

ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, பக்கத்திலிருக்கும் சிங்கப்பூர் என்று பேசிக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது அயர்லாந்தின் பெயரும் அடிபடுகிறது. மருத்துவக் குடும்பங்களுக்கு அந்த நாடு புதிதல்ல. 1996-இல் பினாங்கில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியே இரண்டு ஐரிஷ் கல்வி நிலையங்களின் கூட்டுப் படைப்புதான். இப்போது தாதியர், பொறியியலாளர், முதியோர் இல்லப் பராமரிப்பாளர் வேலைகளுக்குப் போக நினைப்பவர்களும் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். கையில் வேலைக் கடிதம் வந்ததும் பலர் முதலில் செய்வது யூரோவை ரிங்கிட்டால் பெருக்கிப் பார்ப்பது. தவறு தொடங்குவதும் அங்கேதான்.

டப்ளின் தலைநகரம், அங்கே செலவு அதிகம், சிறிய ஊருக்குப் போனால் மிச்சப்படுத்தலாம் என்பது பரவலான எண்ணம். லிமெரிக் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நல்ல ஊர். ஷானன் ஆற்றங்கரையில், டப்ளினிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்திலும் புறநகரிலும் சேர்த்து 1 லட்சத்து 2 ஆயிரம் பேர். ஈப்போவோடு ஒப்பிட்டால் சிற்றூர்தான். ஆனால் அயர்லாந்துக் குடியரசில் டப்ளின், கோர்க் நகரங்களுக்கு அடுத்த பெரிய நகரம் இது.

பினாங்குக்காரர்களுக்கு இந்த ஊரின் கதை எளிதில் புரியும். டெல் கணினி நிறுவனம் இங்கே ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. 2009-இல் அதன் உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றியபோது சுமார் 1,900 பேர் வேலை இழந்தார்கள். ஒரே முதலாளியை நம்பிய ஊர் என்ன பாடுபடும் என்பதை மூடப்பட்ட தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் லிமெரிக் எழுந்து நின்றது. பினாங்கிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் அனலாக் டிவைசஸ் 1976 முதல் அங்கே இருக்கிறது; 2023-இல் 63 கோடி யூரோ முதலீட்டை அறிவித்தது. ரெஜெனரான் மருந்து ஆலை, கண்வில்லை தயாரிக்கும் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆலை, பல்கலைக்கழகம், பெரிய அரசு மருத்துவமனை எல்லாம் உண்டு. வேலை இருக்கிறது என்பது உண்மை.

வீடு இல்லை என்பதும் உண்மை. வேலைகள் பெருகிய வேகத்துக்கு வீடுகள் கட்டப்படவில்லை. வீட்டு விளம்பரத் தளமான டாஃப்ட் வெளியிடும் அறிக்கைகளின்படி, 2024 முடிவதற்குள் லிமெரிக் நகரில் புதிதாக வாடகைக்கு வரும் வீட்டின் சராசரி மாத வாடகை 2,000 யூரோவைத் தாண்டிவிட்டது. நாட்டிலேயே வாடகை வேகமாக ஏறிய இடங்களில் அதுவும் ஒன்று.

இதை ஒரு சம்பளத்தோடு வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 40,000 யூரோ என்றால், யூரோவுக்கு 5 ரிங்கிட் என்ற கணக்கில் 2 லட்சம் ரிங்கிட். கேட்கவே மலைப்பாக இருக்கும். வருமான வரி, சமூகக் கட்டணம், சமூகக் காப்புறுதிப் பிடித்தம் எல்லாம் போக, 2025 விகிதப்படி தனி ஆளின் கைக்கு மாதம் சுமார் 2,800 யூரோ வரும். முழு வீடு ஒன்றை 2,000 யூரோவுக்கு எடுத்தால் மிச்சம் 800. அதில்தான் சாப்பாடு, மின்சாரம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு, போக்குவரத்து, ஊருக்கு அனுப்பும் பணம். தனியாகப் போகிறவர் அறையைப் பகிர்ந்து சமாளிக்கலாம், சேமிக்கவும் செய்யலாம். மனைவி மக்களோடு போகிறவருக்கு ஒரு சம்பளம் போதாது. இரண்டாவது சம்பளம் வருமா, வராதா என்பதே குடும்பத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

அதனால்தான் வேலை அனுமதி எந்த வகை என்பது முக்கியம். முக்கியத் திறனாளர் அனுமதி கிடைத்தால் குடும்பத்தை உடனே அழைத்துக்கொள்ளலாம். கணவனோ மனைவியோ தனி அனுமதி வாங்காமல் வேலை செய்யலாம். பதிவு பெற்ற தாதியர், மருத்துவர், பொறியியலாளர், கணினித் துறையினர் பலர் இந்தப் பட்டியலில் வருவார்கள். 2024 ஜனவரியில் இதற்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 38,000 யூரோ என்று வைக்கப்பட்டது. படிப்படியாக உயர்த்துவது அரசின் திட்டம் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் என்ன தொகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பராமரிப்பாளர், இறைச்சி ஆலைத் தொழிலாளர் போன்றவர்களுக்குப் பொது வேலை அனுமதிதான். அதில் சம்பளம் குறைவு, குடும்பத்தை அழைக்கும் விதிகளும் கடினம். கடிதத்தில் 'அயர்லாந்து வேலை' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த அனுமதி என்று கேட்காமல் யாரும் வேலையை ராஜினாமா செய்யக்கூடாது.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு அயர்லாந்துக்குப் போக விசா தேவையில்லை. இந்தச் சலுகையே சில ஏஜெண்டுகளுக்கு வசதியாகிவிடுகிறது. 'சுற்றுப்பயணியாகப் போங்கள், அங்கே போய் வேலை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வார்கள். விசா வேண்டாம் என்றால் வேலை அனுமதியும் வேண்டாம் என்று பொருளல்ல. அனுமதியை இங்கிருந்தே வாங்கி, அதை விமான நிலையக் குடிநுழைவு அதிகாரியிடம் காட்டித்தான் நுழைய வேண்டும். 90 நாளுக்கு மேல் தங்குபவர் குடிநுழைவுப் பதிவு செய்து, 300 யூரோ கட்டி அட்டை வாங்க வேண்டும். ஆளைச் சேர்த்த செலவு என்று சொல்லி முதலாளி சம்பளத்தில் பிடிப்பதும், கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வதும் ஐரிஷ் சட்டப்படி குற்றம். 2024 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சட்டப்படி, முதல் 9 மாதங்களுக்குப் பிறகு வேறு முதலாளிக்கு மாறவும் வழியுண்டு. ஏஜெண்டுக்குக் கட்ட நகையை அடகு வைக்கும் பெற்றோர் இதையெல்லாம் தெரிந்திருப்பது நல்லது.

வீட்டு வாடகையிலும் மோசடி நடக்கிறது. பார்க்காத வீட்டுக்கு இங்கிருந்தே பணம் அனுப்பி ஏமாந்தவர் கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு, அங்கேயும் உண்டு. 2021 முதல் ஒரு மாத டிப்பாசிட், ஒரு மாத முன்வாடகை, இதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது பொது விதி. மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேட்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். முதல் சில வாரத் தங்குமிடத்துக்கு முதலாளி பொறுப்பேற்பாரா என்பதை எழுத்தில் வாங்குவது, ஆயிரம் யூரோ கூடுதல் சம்பளத்தைவிடப் பயன் தரும்.

தாதியருக்கு இன்னொரு கட்டம் இருக்கிறது. ஐரிஷ் தாதியர் வாரியம் மலேசியப் படிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளாது. ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் மதிப்பீடு, அதன் பிறகு அங்கே போய்த் தகவமைப்புப் பயிற்சியோ திறன் தேர்வோ என்று வரிசையாக இருக்கும். பதிவு முடியும் வரை முழுத் தாதி சம்பளம் எதிர்பார்க்க முடியாது.

சேரப்போகும் மருத்துவமனையைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-இல் எனிஸ், நீனா, லிமெரிக்கின் செயின்ட் ஜான்ஸ் ஆகிய மருத்துவமனைகளின் 24 மணி நேர அவசரப் பிரிவுகள் மூடப்பட்டு, அந்த வட்டாரத்துச் சுமை முழுவதும் லிமெரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் விழுந்தது. அதற்கேற்பப் படுக்கைகள் கூடவில்லை. தாதியர் சங்கத்தின் கணக்கில், 2023-இல் மட்டும் 20 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகள் அங்கே படுக்கையின்றித் தள்ளுவண்டிகளில் வைக்கப்பட்டார்கள். நாட்டிலேயே அதுதான் அதிகம். அங்கே வேலைக்குப் போகும் தாதி இந்த நெரிசலுக்குள்தான் போகிறார். நோய் வந்தால் அதே வரிசையில்தான் குடும்பமும் நிற்கும். குடும்ப மருத்துவரைப் பார்க்க ஒரு தடவைக்கு 50 யூரோவுக்கு மேல் ஆகலாம். 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். பல ஊர்களில் குடும்ப மருத்துவர் புதிய பெயரைச் சேர்த்துக்கொள்வதே கடினம். ஒரு வெள்ளிக்கு அரசு மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும்.

இனவெறி பற்றிய கேள்வியை மழுப்பக் கூடாது. 2025 ஜூலையில் டப்ளினின் டாலா பகுதியில் இந்தியர் ஒருவரை ஒரு கும்பல் கொடூரமாகத் தாக்கியது. ஆகஸ்ட் முதல் தேதி இந்தியத் தூதரகம் தன் குடிமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அடுத்த சில நாட்களில் வாட்டர்ஃபோர்டில் வீட்டுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த 6 வயது இந்திய வம்சாவளிச் சிறுமியைச் சில பையன்கள் தாக்கினார்கள். வாட்டர்ஃபோர்ட் தலைநகரமல்ல; லிமெரிக்கைவிடச் சிறிய நகரம். எனவே சிறிய ஊரில் பயமில்லை என்று யாரும் உறுதி தர முடியாது. தாக்குகிறவன் மலேசியக் கடப்பிதழா, இந்தியக் கடப்பிதழா என்று கேட்கப் போவதுமில்லை. அதே சமயம், அன்றைய அதிபர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அந்தத் தாக்குதல்களை வெளிப்படையாகக் கண்டித்தார். வெறுப்புக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை தரும் சட்டம் 2024 இறுதியில் நடப்புக்கு வந்திருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் 45 ஆயிரத்துக்கும் அதிகமான இந்தியக் குடிமக்கள் அங்கே இருந்தார்கள். மருத்துவமனைகள் அவர்களை நம்பி நடக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். இரவு வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் தனியாக நிற்க வேண்டிய பாதையா, உடன் வேலை செய்பவரோடு வர முடியுமா என்பதை வீடு பார்க்கும்போதே யோசிக்க வேண்டும். அவசர எண் அங்கேயும் 999-தான்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அவ்வளவு சிக்கலல்ல. தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை கத்தோலிக்க நிர்வாகத்தில் இருந்தாலும், 2018 சட்டத்துக்குப் பிறகு ஞானஸ்நானச் சான்று கேட்டு இடம் மறுக்க முடியாது. தமிழ் மட்டும் வீட்டில்தான். இங்கே தமிழ்ப்பள்ளி இருப்பதால் அதைப் பற்றி யோசிக்காதவர்கள் அங்கே யோசிக்க வேண்டி வரும்.

குளிர் பனிமலைக் குளிரல்ல, ஈரக் குளிர். டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கார் இல்லாமல் நகர மையத்தைத் தாண்டினால் சிரமம். மலேசிய லைசென்ஸை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். முதல் ஓராண்டு ஓட்டலாம், பிறகு எழுத்துத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். இடது பக்கம் ஓட்டுவது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசியாக வருவது குடியுரிமை. ஐந்தாண்டு சட்டப்படி வசித்தபின் ஐரிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கும்; மலேசியா ஏற்காது. சிவப்புக் கடப்பிதழை விட்டுவிட்டால் அடையாளக் கார்டும் போகும், வாக்குரிமையும் போகும். சேமநிதியில் இருக்கும் பணத்தை அப்போது முழுதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு முடிவெடுப்பது சரியல்ல; இங்கே வயதான தாய் தகப்பன் இருப்பவருக்குத் திரும்பி வந்து தங்குவதே ஒரு விண்ணப்பமாகிவிடும். அங்கே பிறக்கும் குழந்தைக்கும் பிறந்தவுடன் ஐரிஷ் குடியுரிமை கிடைத்துவிடாது; பெற்றோரில் ஒருவர் அதற்கு முந்தைய நான்காண்டில் மூன்றாண்டு சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும். போன முதல் ஓரிரு ஆண்டில் குழந்தை பெறும் மலேசியத் தம்பதி, ஓராண்டுக்குள் டப்ளினில் உள்ள மலேசியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.