கேட்சரைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கப்பா!

சில வருடங்களுக்கு முந்தைய அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் ஆட்டம் ஏதாவது ஒன்றை யூட்யூபில் பத்து நிமிடம் பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் ஒரு சடங்கு நடக்கும். கேட்சர் தலையைத் திருப்பி, அணியினர் உட்கார்ந்திருக்கும் டகவுட்டைப் பார்ப்பார். அங்கே கோச் மூக்கைத் தொடுவார், காதைத் தொடுவார், விரலால் எண்களைக் காட்டுவார். கேட்சர் தன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையில் அந்த எண்ணைத் தேடுவார். 'ஸ்லைடர், வெளிப்பக்கம், தாழ்வாக' என்று இருக்கும். அதை விரல் சைகையால் பிட்சருக்குச் சொல்வார். பிட்சர் வீசுவார். அடுத்த பந்துக்கு மறுபடியும் மூக்கு, காது, எண்.

இப்போது அந்தக் கூத்தும் குறைந்துவிட்டது. டகவுட்டிலிருந்து ஒருவழியாகத் தகவல் அனுப்பும் மின்னணுக் கருவிகளுக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2021-ல் அனுமதி கொடுத்தது. கோச் பட்டனை அழுத்துகிறார். கேட்சரின் காதிலோ மணிக்கட்டிலோ உத்தரவு வந்து விழுகிறது. கருவி புதுசு, வியாதி பழசு.

பேஸ்பால் பரிச்சயம் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிட்சர் என்றால் நம்ம பவுலர். கேட்சர் என்றால் ஏறக்குறைய விக்கெட் கீப்பர். ஆனால் கேட்சருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடுத்த பந்து ஃபாஸ்ட்பாலா, கர்வ்பாலா, சேஞ்ச்அப்பா, எந்த மூலைக்கு என்பதை அவர்தான் முதலில் சொல்வார். பிட்சர் தலையாட்டினால் அதே பந்து. மறுத்தால் வேறு பந்து. மேஜர் லீகில் காலம் காலமாக இதுதான் வழக்கம். 1956 அக்டோபர் 8 அன்று வேர்ல்டு சீரீஸில் டான் லார்சன் 97 பந்துகளில் பெர்ஃபெக்ட் கேம் போட்டார். அதாவது, எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. அன்று அவருக்குப் பந்துகளைச் சொன்னவர் கேட்சர் யோகி பெர்ரா. கோச் அல்ல.

கல்லூரியில் மட்டும் இது ஏன் தலைகீழ்? கோச்கள் தரப்பில் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: கோச்சிடம் தகவல் இருக்கிறது. எந்த பேட்டர் எந்தப் பந்துக்குத் தடுமாறுவார், எந்தப் பக்கம் அடிப்பார் என்று கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார். உண்மைதான். ஆனால் அதெல்லாம் நேற்றைய தகவல். இன்றைய தகவல் கேட்சரிடம்தான் இருக்கிறது. பேட்டர் போன பந்துக்கு அப்புறம் அரை அடி முன்னால் நகர்ந்து நிற்கிறாரா? ஃபாஸ்ட்பாலுக்கு மட்டை தாமதமாக வருகிறதா? பிட்சரின் கர்வ்பால் இன்று வளைய மறுக்கிறதா? அம்பயர் தாழ்ந்த பந்துக்கு ஸ்ட்ரைக் கொடுக்கிறாரா? இதையெல்லாம் பேட்டருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் கேட்சர். டகவுட் இருப்பதோ மைதானத்தின் பக்கவாட்டில். பந்து உயரமா தாழ்வா என்று அங்கிருந்து தெரியும். உள்பக்கமா வெளிப்பக்கமா என்பது சரியாகத் தெரியாது. பாதி கண்ணை மூடிக்கொண்டு முழு உத்தரவு போடுவது என்ன நியாயம்?

இரண்டாவது காரணம்: எதிரணி சைகையைத் திருடிவிடும். 2017-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி கேமரா வைத்து சைகையைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டர்களுக்குச் சொன்ன கதை தெரிந்ததுதான். 2020-ல் 50 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. ஆனால் மேஜர் லீக் அதற்குக் கண்ட தீர்வு என்ன? 2022-ல் பிட்ச்காம் கருவியைக் கொண்டுவந்தது. பட்டன் கேட்சரிடம், 2023 முதல் பிட்சரும் வைத்துக்கொள்ளலாம். டகவுட்டுக்குக் கிடையாது! திருட்டையும் தடுத்தார்கள், முடிவெடுக்கும் உரிமையையும் களத்துக்குள்ளேயே வைத்தார்கள். கல்லூரிகள் அதே திருட்டைக் காரணம் காட்டி உரிமையையே வெளியே கொண்டுபோய்விட்டன.

மூன்றாவது காரணம்: அமெரிக்கக் கால்பந்தில் கோச்தானே எல்லாம் சொல்கிறார்? சொல்கிறார். என்.எஃப்.எல்.லில் 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டிலேயே ரேடியோ இருக்கிறது. ஆனால் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ துண்டிக்கப்படும். அதற்கப்புறம் எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. கோச்சின் குரல் நிற்கும் ஒரு கோடு அங்கே இருக்கிறது. கல்லூரி பேஸ்பாலில் அந்தக் கோடு எங்கே?

கிரிக்கெட்டிலும் இதே சர்ச்சை வந்தது. 1999 உலகக் கோப்பையில் ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக ஹன்சி குரோனியே காதில் இயர்பீஸுடன் இறங்கினார். மறுமுனையில் கோச் பாப் உல்மர். அதைத் தடுக்கும் விதி எதுவும் அன்று இல்லை. இருந்தும் டிரிங்க்ஸ் இடைவேளையில் மேட்ச் ரெஃப்ரி கழற்றச் சொல்லிவிட்டார். களத்தில் கேப்டன்தான் யோசிக்க வேண்டும் என்பதில் கிரிக்கெட் அன்று உறுதியாக இருந்தது.

உண்மையான காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோச்சின் வேலை வெற்றியில் தொங்குகிறது. ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் தவறான முடிவால் தன் வேலை போவதை அவர் விரும்பவில்லை. மனிதர்தானே, அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அவர் சொன்ன பந்தை பேட்டர் மைதானத்துக்கு வெளியே அனுப்பினால், அந்த ரன் யார் கணக்கில் ஏறும்? பிட்சர் கணக்கில். கோச்சுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. உத்தரவு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருடையது. மறுத்துத் தலையாட்டலாமே என்பீர்கள். கேட்சரிடம் மறுப்பது வேறு, நாளைக்கு அணியில் இடம் தரப்போகிற கோச்சிடம் மறுப்பது வேறு.

இதில் பெரிய நஷ்டம் கேட்சருக்குத்தான். நாலு வருடம் சொன்னதைப் பிடித்துப் பழகியவர், தொழில்முறை ஆட்டத்துக்குப் போனதும் "நீயே சொல்லு" என்கிறார்கள். எப்படிச் சொல்வார்? நீச்சல் குளத்தில் நாலு வருடம் மிதவையோடு இருந்தவனைக் கடலில் தள்ளுகிற கதை. தொழில்முறைக்குப் போகாத பெரும்பாலானவர்களுக்கோ, ஆட்டத்தின் ருசியான பகுதியே கிடைக்காமல் போகிறது.

2025 செப்டம்பரில் மயாமி மார்லின்ஸ் அணி மேஜர் லீகிலேயே டகவுட்டிலிருந்து பந்தைச் சொல்லத் தொடங்கியதே என்று கேட்கலாம். செய்யட்டும். அது காசுக்கு ஜெயிக்கிற தொழில். கற்றுக்கொடுப்பதாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. கல்லூரி அப்படிச் சொல்லிக்கொள்கிறது. தேர்வு ஹாலில் ஒவ்வொரு கேள்விக்கும் பேராசிரியரே காதில் விடை சொன்னால், அந்த மார்க்குக்கு என்ன பெயர்?

கோச் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் தன்னிடம் இருக்கும் தகவலையெல்லாம் கேட்சரோடு உட்கார்ந்து பேசட்டும். இன்னிங்ஸ் இடைவெளியில் "அந்தப் பந்தை ஏன் கேட்டாய்?" என்று கேட்கட்டும். ஆட்டம் முடிந்து வீடியோ போட்டுத் திட்டட்டும். இலையுதிர்காலப் பயிற்சி ஆட்டங்களிலும் வார நடுவில் வரும் ஆட்டங்களிலும் ஆரம்பிக்கலாம். என்.சி.ஏ.ஏ.வும் அந்தக் கருவியை டகவுட்டிலிருந்து வாங்கி கேட்சர் கையில் கொடுக்கட்டும். நாலு ஆட்டம் தோற்கலாம். தோற்றால் என்ன, கற்றுக்கொள்ளத்தானே கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள்?