குற்றாலக் குறத்தியும் குறவர் சரித்திரமும்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வந்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் பலர், சித்திரசபையையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போவதுண்டு. சுவர் முழுவதும் புராணச் சித்திரங்கள். அவற்றில் நிறம் மங்கினால் ஏன் என்று கேட்க ஆளுண்டு. அதுபோலவே குற்றாலக் குறவஞ்சிக்கும் யாதொரு குறையுமில்லை. அதைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலமே மானியமாகக் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்று பேர். 1944இல் ருக்மிணிதேவி அதைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கினார். கவிராயர் மானியம் பெற்றதில் நமக்குப் பொறாமை இல்லை; நல்ல கவி, வாங்கட்டும்.

ஆனால் இத்தனை பேரும் கொண்டாடுகிற அந்தக் குறத்தி எங்கே என்றுதான் நாம் கேட்கிறோம்.

மேடையில் குறத்தி தன் மலையின் பெருமையைப் பேசிக் கைதட்டல் வாங்கிய அதே 1944இல், உண்மைக் குறவர்களில் பல பிரிவினர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள். 1871இல் வடநாட்டில் பிறந்த அச்சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. இங்கு அது ஒழிந்தது 1947இல். பிறக்கும் குழந்தையே குற்றவாளி என்று சொன்ன சட்டம் இது. தலையெழுத்து என்று சொல்லும் வேதாந்திக்கும், பிறவிக் குற்றவாளி என்று சொன்ன வெள்ளைக்காரச் சர்க்காருக்கும் என்ன வித்தியாசம்?

இவர்கள் எப்படிக் "குற்றவாளி" ஆனார்கள் என்பதாவது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? உப்புக் குறவர் என்போர் கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுபோய்த் தானியத்திற்கு மாற்றிவந்த வியாபாரிகள். சர்க்கார் உப்பைத் தன் கைக்குள் எடுத்தது. ரயில் வந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டது. பிழைப்புப் போனவனை, ஊர் ஊராய் அலைகிறான், ஆகவே திருடன் என்று ரிஜிஸ்டரில் எழுதினார்கள். இந்தச் சரித்திரத்தை எந்தக் கவிராயர் பாடினார்? எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது?

சென்ற சாரலில், தென்காசிச் சாலையோரம் முறம் முடைந்துகொண்டிருந்த ஒரு குறவர் குலத்து மூதாட்டியிடம் நாம் பேசிக்கொண்டிருந்தோம். பச்சை குத்துவதில் கைதேர்ந்தவராம். அகத்திக் கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலில் குழைப்பதை, நேற்றுச் செய்ததுபோல் சொன்னார். தேளுக்கு இத்தனை புள்ளி, மயிலுக்கு இத்தனை என்று மண்ணில் விரலால் போட்டும் காட்டினார். "பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா?" என்றோம். "அவளுக்கு எதுக்கு ஐயா? குறத்தின்னு பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுதாவ" என்றார்.

பகுத்தறிவு பேசுகிற நீங்கள் குறியையும் பச்சையையும் காப்பாற்றச் சொல்லலாமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. குறி பொய்தான்; அதைக் கேட்டு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஆனால் பொய்யை நம்புவது வேறு, அதைச் சொல்லி வயிறு வளர்க்கும்படி ஒரு ஜனத்தை விட்டுவைத்த சமூகத்தின் கணக்கை எழுதி வைப்பது வேறு. அக்கணக்கு அழிந்தால் லாபம் யாருக்கு?

பேரைக்கூட அவர்கள் வசம் விட்டுவைக்கவில்லை. வாக்ரிபோலி என்ற வேறு பாஷை பேசும் ஜனங்களை நரிக்குறவர் என்றழைத்து, இருவரையும் ஒன்றாகக் குழப்பியாயிற்று. திருவிழாக்களில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பேரில், குறவரல்லாதார் அரைகுறை உடையில் ஆபாசமாக ஆடினார்கள். குறவர்கள் போராடியபின் 2023இல்தான் தமிழ்நாடு அரசு அப்பேரைக் கலைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1993இல் விருத்தாசலம் பக்கம் போலீசார் அடித்துக் கொன்ற ராசாக்கண்ணு குறவர் வகுப்பினர். 2021இல் வந்த "ஜெய் பீம்" படத்தில் அவர் இருளராகக் காட்டப்பட்டார். இருளர் பட்ட துன்பமும் உண்மையே. ஆனால் செத்தவனின் குலத்தை மாற்றும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவைப் பாருங்கள். நியூயார்க் நகரில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறிய ஏழை ஜனங்கள், தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் கலை தெரியவில்லையே என்று பெற்றோரும் வாத்தியாருமாகச் சேர்ந்து 1969இல் எல் மியூசியோ டெல் பாரியோ என்ற காட்சிசாலையைத் தொடங்கினார்கள். சிக்காகோவில் மெக்சிக்கர் 1982இல் தொடங்கிய ஸ்தாபனம், 1987இல் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களே. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. லாஸ் ஏஞ்சல்சிலோ 1976 முதல் ஜூடி பாக்கா என்ற அம்மையார், தெருப் பிள்ளைகளைக் கூட்டி, வெள்ள வாய்க்காலின் சுவரில் அரை மைல் நீளத்திற்கு ஒதுக்கப்பட்டவர்களின் சரித்திரத்தை எழுதினார். வாய்க்கால் சுவர், தோழர்களே! எந்த ராஜாவும் மானியம் விட்ட சுவரல்ல.

தென்காசி 2019 முதல் தனி ஜில்லா. இந்த ஜில்லாவில் குறவர் சரித்திரத்திற்கு ஒரு வீடு வேண்டும். அதன் நிர்வாகத்தில் குறவர்களே இருக்க வேண்டும். அவர்களுக்காக வேறொருவர் பேசும் பழக்கம் கவிராயரோடு போகட்டும். சர்க்கார் பணம் கொடுக்கிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாடகைக் கட்டிடமும், ஒலிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசியும், ஊர் ஊராய்ப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டெழுதப் படித்த குறவர் வாலிபர் நாலு பேரும் இருந்தால் தொடங்கிவிடலாம். வழிச்செலவை நம் தோழர்கள் ஏற்கலாம்.

முதலில் அந்த முறம் முடையும் அம்மாளிடம் போக வேண்டும். அவருக்கு எண்பதுக்கு மேலாகிறது. கண்ணும் மங்கி வருகிறது.