அந்தப் பூச்சியத்தை விட்டுவிடாதீர்கள்

பாலையூற்றில் ஏ.எல். இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும்.

தொகுமுறை வகுத்தலைப் பல பிள்ளைகள் டியூசனில் வெறும் குறுக்குவழியாகவே படித்துவிட்டு வருகிறார்கள். கோடு போடு, இறக்கு, பெருக்கு, கூட்டு. அவ்வளவுதான். நெடுவகுத்தல் விளங்காத பிள்ளைக்கு இதை முதலில் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

எக்ஸ் கனம் − 7 எக்ஸ் + 6 = 0. இதில் எக்ஸ் வர்க்க உறுப்பு இல்லை. அதன் இடத்தில் 0 போட்டு 1, 0, −7, 6 என்று எழுதி, 1ஐ வெளியே வைத்துச் செய்தால் 1, 1, −6 வரும், மீதி 0. மூலங்கள் 1, 2, −3.

பூச்சியத்தை விட்டு 1, −7, 6 என்று எழுதினாலும் மீதி 0தான்! பிள்ளை சந்தோஷமாக 6ஐ மூலமாக எழுதிவிடும். பிரதியிட்டுப் பார்த்தால் 180 வருகிறது. மூன்றாம் படியை ஒருதரம் வகுத்தால் இரண்டாம் படிதானே வர வேண்டும்? அதைக் கவனிக்க முறை விளங்கியிருக்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதின் அஸ்ஸமவ்அல் குணகங்களை மட்டும் அட்டவணையில் வைத்து வகுத்தார், இல்லாத உறுப்புக்கும் இடம் விட்டு. 106இல் பூச்சியத்தை விட்டால் 16 ஆகிவிடும் அல்லவா, அதே கணக்குத்தான்.

பெற்றோரே, "எத்தனை கணக்குச் செய்தாய்?" என்பதோடு விடாமல், "அங்கே ஏன் 0 போட்டாய்?" என்றும் இன்றிரவு கேளுங்கள்.